தூரின் நகரின் இரு சிறு கார்கள்

இத்தாலி நாட்டின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைகளின் அடிவாரத்தில், போ நதியின் கரையில் அமைந்துள்ளது தூரின் மாநகர். கத்தோலிக்கரான நமக்கு அந்நகரின் பெயர் புதிதன்று. ஆண்டவரின் திருவுடலைப் பொதிந்த துகிலென மக்கள் போற்றும் தூய துகில் அந்நகரப் பேராலயத்தில்தான் காக்கப்பட்டு வருகிறது. எவரும் ஏற்க மறுத்த நோயாளிகளுக்கென 1832-ஆம் ஆண்டில் இல்லம் திறந்த புனித கொத்தலெங்கோ பணிபுரிந்ததும், வீதியில் திரிந்த சிறுவர்களுக்குத் தந்தையாக விளங்கிய தொன் போஸ்கோ வாழ்ந்ததும் அங்கேதான். தொன் போஸ்கோவின் சலேசிய சபைக் குருக்கள் 1906-ஆம் ஆண்டில் தஞ்சைக்கு வந்து சேர்ந்தனர். ஆகவே தூரினுக்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவு ஒரு நூற்றாண்டைக் கடந்தது.

இத்தாலியருக்கோ தூரின் என்றவுடன் மற்றொன்றும் நினைவுக்கு வரும். அது மோட்டார் கார். 1899-ஆம் ஆண்டில் அங்கே பியட் நிறுவனம் தோன்றியது. 'தூரின் இத்தாலிய மோட்டார் வாகனத் தொழிற்சாலை' என்று பொருள்படும் இத்தாலியத் தொடரின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்த பெயர் அது. இலத்தீன் கற்ற குருக்களின் செவியில் அதே சொல் வேறு விதமாக ஒலிக்கும். 'ஆகட்டும்' என்பது அதன் பொருள். வானதூதருக்கு மரியன்னை அளித்த சம்மதத்தின் சொல் அது.

அந்நிறுவனம் செய்த கார்களுள் இரண்டினைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். ஒன்று 1957-ஆம் ஆண்டில் பிறந்தது. மற்றது 2007-ஆம் ஆண்டில் பிறந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர்: சின்குவெசெந்தோ, அதாவது ஐந்நூறு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், ஒரு நாடு வறுமையிலிருந்து வளமைக்கு நடந்த வழி தெரிகிறது. அவ்வழியில் அது பெற்றதும் இழந்ததும் தெரிகின்றன. நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று 'ஒரு சிறு கார் வாங்கலாமா?' என்ற பேச்சு எழுவதால், இக்கதை நமக்கும் உரியதே.

கூரையின்மேல் ஓட்டப்பாதை

வால்தோக்கோ என்னும் பகுதியில் தொன் போஸ்கோவின் இல்லத்தைத் தரிசித்த பின், நகரின் தென்பகுதிக்குச் செல்லும் சுரங்க இரயிலைப் பிடித்தால் லிங்கோத்தோ நிலையத்தில் இறங்கலாம். ஐந்து மாடி உயர்ந்து, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீண்டு நிற்கிறது பழைய பியட் தொழிற்சாலை. 1916-ஆம் ஆண்டில் இதனைக் கட்டத் தொடங்கி 1920-களில் நிறைவு செய்தனர். மூலப்பொருள் கீழ்த்தளத்தில் நுழையும். மாடிதோறும் வேலை ஏறிச் செல்லும். கூரையை அடையும்போது கார் முழுமை பெற்றிருக்கும். அங்கே, வானத்தின் கீழ், இருமுனைகளிலும் கிண்ணத்தின் விளிம்பு போலச் சாய்ந்து வளைந்த ஓர் ஓட்டப்பாதை உண்டு. புதுக் கார் அதில் ஓடிச் சோதனை முடித்து, சுழல்பாதை வழியாக மண்ணுக்கு இறங்கும்.

1982-ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ரென்சோ பியானோ என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி அது கடைகளும் தங்கும் விடுதியும் அரங்கங்களும் கொண்ட இடமாக மாறியது. கூரை ஓட்டப்பாதையில் 2021-ஆம் ஆண்டு முதல் செடிகொடிகள் வளர்கின்றன. கார் சீறிய இடத்தில் இன்று முதியோர் மெல்ல உலாவுகின்றனர். வடக்கே திரும்பினால் பனி மூடிய ஆல்ப்ஸ் சிகரங்கள். கிழக்கே போ நதிக்கு அப்பால் பசுங்குன்றுகள். ஒரு தொழிற்சாலையின் முதுமை இவ்வளவு அமைதியாக இருக்கக்கூடுமா என்ற வியப்பு எழுகிறது.

இங்கிருந்து சிறிது தொலைவில், நதிக்கரையை ஒட்டியே, தேசிய மோட்டார் வாகன அருங்காட்சியகம் உள்ளது. பழைய சின்குவெசெந்தோவை அங்கே கண்குளிரக் காணலாம்.

தேவையில் பிறந்த வண்டி

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய இத்தாலியை மனக்கண்முன் கொண்டு வருவோம். நகரங்கள் குண்டுவீச்சில் சிதைந்திருந்தன. கூலி குறைவு. நடந்தும் சைக்கிளிலும் சென்ற மக்களுக்கு 1946-ஆம் ஆண்டில் வெஸ்பா ஸ்கூட்டர் கிடைத்தது. தந்தை ஓட்ட, முன்னே ஒரு குழந்தை நிற்க, பின்னே மற்றொரு குழந்தையை மடியில் வைத்துத் தாய் அமர, ஒரு முழுக்குடும்பமே இரு சக்கரங்களில் ஏறிச் சென்றது. இக்காட்சியை விளக்க நமக்குப் படம் வேண்டியதில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து நம் கோயில் வாயிலில் நின்றால் போதும்.

அக்குடும்பத்தை மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்க, அவர்கள் கைக்கு எட்டும் விலையில் நான்கு சக்கரம் தர இயலுமா? இக்கேள்விக்கு விடை தேடியவர் தாந்தே ஜாக்கோசா என்னும் பொறியாளர். 1936-ஆம் ஆண்டிலேயே, 'சுண்டெலி' என்று மக்கள் செல்லமாக அழைத்த தொப்பொலீனோ என்னும் சிறு காரை வடிவமைத்த கைகள் அவருடையவை. 1957-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் புதிய ஐந்நூறு வெளியிடப்பட்டது.

அதன் நீளம் 2.97 மீட்டர், அகலமும் உயரமும் 1.32 மீட்டர். எடை ஏறத்தாழ 500 கிலோ. பக்கத்தில் நின்றால் அதன் கூரை ஒரு மனிதனின் மார்பளவே வருகிறது. இரண்டே சிலிண்டர்கள், 479 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 13 குதிரைத் திறன். மணிக்கு 85 கிலோமீட்டருக்குமேல் ஓட அதற்கு இயலாது. என்ஜின் பின்புறத்தில் இருந்தது. காற்றே அதனைக் குளிர்வித்ததால் ரேடியேட்டரும் வேண்டா, தண்ணீரும் வேண்டா. முன்மூடியைத் திறந்தால் பெட்ரோல் டாங்கியும் ஸ்டெப்னியும், அவற்றின் இடுக்கில் ஒரு சிறு பைக்கான இடமும் இருக்கும். கூரையின் பெரும்பகுதி துணியாலானது. சுருட்டிப் பின்னே தள்ளலாம். பார்ப்பவர் அதனை உல்லாசம் எனக் கருதுவர். ஆனால் தகடு மிச்சமாகும், எடை குறையும் என்பதே அதன் நன்மை.

அதில் வீணென்று சொல்ல ஒரு திருகாணியும் இல்லை. ஒவ்வோர் உறுப்பும் 'இதுவின்றி ஓடாதா?' என்ற கேள்விக்குத் தப்பிய பின்னரே அங்கே இடம் பெற்றது. 1959-ஆம் ஆண்டில் இத்தாலியின் உயரிய வடிவமைப்பு விருதான 'பொற்கவராயம்' அதற்கு வழங்கப்பட்டது. 1975-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 39 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. தொழிலாளியும் எழுத்தரும் ஆசிரியரும் முதன்முறையாகத் தம் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கடலைக் காணச் சென்றனர்.

எளிமைக்கு வந்த சோதனை

இவ்வளவு போற்றப்படும் அவ்வண்டி முதலில் விற்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. தொடக்கத்தில் அதில் இருவர் அமரவே இருக்கை இருந்தது. பக்கக் கண்ணாடிகளை இறக்க இயலாது. மினுக்கும் பட்டையோ அலங்காரமோ கிடையாது. அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களே அதைக் கண்டு முகஞ்சுளித்தனர். ஆகவே அதே ஆண்டின் இறுதிக்குள் நிறுவனம் என்ஜின் திறனைக் கூட்டி, கண்ணாடிகளைத் திறக்கச் செய்து, சற்றே பளபளப்பும் சேர்த்தது. பின்னரே விற்பனை ஏறியது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் நம் நாட்டிலும் இக்கதை நிகழ்ந்தது. ஸ்கூட்டரில் நெருங்கிச் செல்லும் குடும்பங்களைக் கண்டு ரத்தன் டாடாவின் உள்ளத்தில் உதித்த நானோ கார், 2008-ஆம் ஆண்டில் ஒரு இலட்சம் ரூபாய்க் கார் என அறிமுகமாயிற்று. அதற்கும் இரண்டே சிலிண்டர்கள். அதன் என்ஜினும் பின்புறத்திலேயே. அதன் வடிவமைப்பில் இத்தாலியக் கலைக்கூடம் ஒன்றும் பங்கேற்றது. 'உலகின் மலிவான கார்' என்ற புகழே அதற்குப் பாரமாயிற்று. அந்தப் பெயருள்ள வண்டியைத் தம் வீட்டு வாசலில் நிறுத்தப் பலர் தயங்கினர். 2018-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி முடிந்தது.

இதில் ஏழை எளியவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. வறுமையைச் சுமப்பதைவிட, வறியவர் என்று பிறர் பார்க்கும் பார்வையைச் சுமப்பது கடினம். எளியோருக்கு ஒன்றைச் செய்பவர் அவர்களுடைய மானத்தையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்பதே 1957-ஆம் ஆண்டு கற்பித்த பாடம். நம் பங்குகளில் உதவிப் பொருள்களை வழங்கும் அன்பர்களும் இதை நினைவிற்கொள்வது நன்று.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்

2007-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், சரியாக ஐம்பதாம் பிறந்த நாளில், போ நதிக்கரையில் பெருவிழா எடுத்துப் புதிய ஐந்நூறை வெளியிட்டனர். வட்டமான விளக்குகளும் குழந்தை முகமும் பழைய வண்டியை நினைவூட்டின. உள்ளேயோ அனைத்தும் வேறு. என்ஜின் முன்னே வந்துவிட்டது. பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் முழுக்கதவு. இன்று நாம் ஹாட்ச்பேக் என்று சொல்லும் வகை. சந்தைப் பைகளை வைக்க ஒரு டிக்கியும் உண்டு. அதன் கொள்ளளவு 185 லிட்டர்.

நீளம் 3.55 மீட்டர், அகலம் 1.63 மீட்டர், எடை 900 கிலோ அளவில். ஆம், அதே முகம். ஆனால் ஏறத்தாழ இரு மடங்கு பாரம். இதன் விளைவு சிந்திக்கத்தக்கது. பழைய வண்டி 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நாலரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்று நிறுவனம் அன்று கணக்குக் கூறியது. புதியதன் சிறிய பெட்ரோல் என்ஜினுக்கு 2007-ஆம் ஆண்டில் கூறப்பட்ட கணக்கு ஐந்து லிட்டரைச் சற்றே தாண்டியது. அரை நூற்றாண்டில் என்ஜின் கலை எவ்வளவோ வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் ஆதாயத்தைக் கூடுதல் வேகமும் வசதியும் எடையும் உண்டுவிட்டன. வருமானம் கூடியும் மாத இறுதியில் கையிருப்புக் கூடாத குடும்பத்தின் கதை போன்றதே இது.

விலையும் நோக்கமும் மாறின. பழையது வேறு கார் வாங்க இயலாதவருக்கென வந்தது. புதியதோ வேறு கார் வாங்க இயன்றவரும் விரும்பி வாங்கும் நாகரிகப் பொருளாயிற்று. வண்ணங்களும் பட்டைகளும் இருக்கை உறைகளும் எண்ணிறந்த வகைகளில் தரப்பட்டன. எளிமையின் உருவத்தைப் பணம் கொடுத்து வாங்கும் காலம் வந்தது.

எனினும் பழமையை மட்டுமே புகழ்ந்து முடிப்பது நேர்மையாகாது. 1957-ஆம் ஆண்டின் வண்டியில் சீட் பெல்ட் இல்லை. பெட்ரோல் டாங்கி ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னே, மெல்லிய தகட்டின் பின்னே இருந்தது. கதவுகள் முன்விளிம்பில் திறந்தன. ஓடும்போது தாழ்ப்பாள் தளர்ந்தால் காற்றே கதவை விரித்துவிடும். 1965-ஆம் ஆண்டில்தான் அது மாற்றப்பட்டது. புதிய ஐந்நூறோ ஏழு காற்றுப்பைகளுடன் வந்தது. 2007-ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. சோதனை விதிகள் கடுமையான பின், 2017-ஆம் ஆண்டில் அதே வகை வண்டிக்கு மூன்று நட்சத்திரமே கிடைத்தது. உயிர்காக்கும் அறிவு அத்துணை விரைவாக முன்னேறுகிறது.

கூடிய எடையில் ஒரு பகுதி வீண் பகட்டு என்பது உண்மை. மற்றொரு பகுதி, மோதும் வேளையில் ஒரு குழந்தையின் தலைக்கும் இரும்புக்கும் இடையே நிற்கும் காவல். அதைச் சுமை என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

தொழிலாளரின் கண்ணீர்

இன்னும் ஒரு வேற்றுமை உண்டு. பழைய ஐந்நூறு தூரினின் பிள்ளை. நகரின் தெற்கேயுள்ள மிராஃபியோரித் தொழிற்சாலையில் 1970-களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர். தென் இத்தாலியின் வறண்ட ஊர்களிலிருந்து இரயிலேறி வந்தோர் அவருள் பலர். 2007-ஆம் ஆண்டின் ஐந்நூறோ தூரினில் விழாக் கொண்டாடியதேயன்றி, அங்கே செய்யப்படவில்லை. போலந்து நாட்டின் டிகி நகரில் அது உருவாயிற்று.

2020-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் ஓடும் மூன்றாவது ஐந்நூறு மிராஃபியோரிக்கே வந்தது. அதன் பெரிய மின்கலத்தை ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மின்கலத்தின் பாரத்தால் எடை 1,300 கிலோவையும் தாண்டிவிட்டது. ஊர் மகிழ்ந்தது. ஆயின் வாங்குவோர் குறையவே 2024-ஆம் ஆண்டில் உற்பத்தி பலமுறை நிறுத்தப்பட்டது. தொழிலாளர் வீட்டில் இருந்தனர். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் பெட்ரோலும் மின்சாரமும் கலந்து இயங்கும் வகையை அங்கே செய்யத் தொடங்கியபின் சற்று நம்பிக்கை துளிர்த்தது.

ஒரு காரின் விலைச்சீட்டில் இக்கவலைகள் எழுதப்படுவதில்லை. தொன் போஸ்கோ இதை முன்பே உணர்ந்திருந்தார். பியட் தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, வேலை பழகும் சிறுவர்களுக்காக முதலாளிகளிடம் எழுத்து மூலம் ஒப்பந்தம் பெற்றார். சிறுவனை அடிக்கலாகாது, தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது, ஞாயிறும் திருநாளும் அவனுக்கு ஓய்வாக வேண்டும். 1853-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் கூடங்கள் திறந்தார். பின்னர் 1891-ஆம் ஆண்டில் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் உரிமை பற்றித் திருமடல் வரைந்தார். 2025-ஆம் ஆண்டில் தெரிவான திருத்தந்தை அவருடைய பெயரையே ஏற்று 14-ஆம் லியோ ஆனதற்கு அத்திருமடலும் ஒரு காரணம் என்று அவரே கூறியுள்ளார்.

பாப்பரசரும் புனிதரும்

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் தூரினுக்கு வந்தார். அவருடைய தந்தைவழி முன்னோர் அந்நாட்டுப் பகுதியினர். அவருடைய பாட்டனாரும் பாட்டியாரும் மணம் புரிந்த, அவருடைய தந்தை ஞானஸ்நானம் பெற்ற புனித தெரேசா ஆலயத்தில் அவர் செபித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் அமெரிக்கா சென்றபோது, காவலர்களின் மாபெரும் வண்டிகளுக்கு நடுவே ஒரு சிறிய பியட்டில் அவர் சென்றதை உலகமே கண்டது. அது ஐந்நூறின் குடும்பத்தைச் சேர்ந்த, சற்றே நீண்ட வகை. பிலடெல்பியாவில் அவர் பயன்படுத்திய வண்டி 2016-ஆம் ஆண்டு ஏலத்தில் 82,000 டாலருக்கு விற்கப்பட்டது. அத்தொகை அறப்பணிகளுக்குச் சென்றது. 2013-ஆம் ஆண்டிலேயே, ஒரு குருவோ கன்னியரோ புத்தம்புதுப் பகட்டுக் காரில் செல்வதைக் கண்டால் தம் மனம் நோகிறது என்றும், கார் தேவையெனில் எளியதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றும் அவர் கூறியிருந்தார். அச்சொல் முதலில் என்போன்ற குருக்களுக்கே உரியது.

தூரின் பேராலயத்தில், தூய துகில் காக்கப்படும் அதே கூரையின் கீழ், ஓர் இளைஞரின் உடல் துயில்கிறது. அவர் புனித பியர் ஜோர்ஜோ பிரசாத்தி. நாளிதழ் ஒன்றின் அதிபரும் நாட்டின் தூதருமான செல்வரின் மகன். இரயிலில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்வார். கையிலிருந்த காசை ஏழைகளுக்கு ஈந்துவிட்டு, உணவு வேளை தவறாதிருக்க வீடு நோக்கி ஓடுவார். தம் 24-ஆம் வயதில் இளம்பிள்ளைவாத நோயால் மரித்தார். 2025-ஆம் ஆண்டு செப்டெம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் இறந்தது 1925-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள். பிற்காலத்தில் இரு கார்களும் பிறந்த அதே நாள்தான். நாளின் ஒற்றுமை தற்செயலே. ஆயினும் ஜூலை 4 என்றால் அவ்வூரில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், வண்டியில்லாமல் ஓடிய அந்த இளைஞரே.

நம் இல்லங்களுக்கு

அன்புமிக்க குடும்பத் தலைவர்களே, தலைவியரே! கார் வாங்குவது பாவமன்று. முதிய பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், மழைநாளில் பிள்ளைகள் நனையாதிருக்கவும் அது உதவுமாயின், அதை இறைவனின் கொடையாகவே ஏற்கலாம். ஆனால் தவணைச் சீட்டில் கையெழுத்திடுமுன் கணவனும் மனைவியும் ஓர் இரவு அமர்ந்து பேசுங்கள். இது நம் தேவைக்கா, உறவினர் கண்ணுக்கா? மகளின் கல்லூரிக் கட்டணம் இத்தவணைக்கு வழிவிட நேருமா? ஓரடி நீளம் கூடிய வண்டிக்காக எத்தனை ஆண்டு வட்டி கட்டப் போகிறோம்? இவ்வினாக்களில் பழைய ஐந்நூறு நமக்கு ஆசானாக இருக்கட்டும்.

வாங்கிய பின் புதிய ஐந்நூறைப் பின்பற்றுங்கள். அலங்கார விளக்குக்குச் செலவிடும் பணத்தைக் குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கைக்குச் செலவிடுங்கள். பின்னிருக்கையில் இருப்போரும் சீட் பெல்ட் அணியட்டும். கோயிலுக்கு வரும் அரைக் கிலோமீட்டராயினும் குழந்தையை முன்னிருக்கையில் மடியில் வைத்து வராதீர்கள்.

மூன்றாவது பாடம் பிரசாத்தியுடையது. வண்டியில் ஓர் இடம் காலியாக இருந்தால், அது யாருக்கு உரியது என்று கேளுங்கள். முழங்கால் வலியால் மாதக்கணக்காகத் திருப்பலிக்கு வர இயலாத ஒரு மூதாட்டி உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். வரும் ஞாயிறு காலை அவர் வீட்டு வாசலில் உங்கள் கார் நிற்கட்டும்.